கீழே வைத்த காப்பிக் கிண்ணம்

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று வண்டியைக் கழுவினேன். கழுவினேன் என்று ஒரே சொல்லில் முடிப்பது எனக்கு நானே செய்துகொள்ளும் அநியாயம். பல வருடத்து மணலை அதன் உடம்பிலிருந்து உரித்தெடுத்தேன். உரித்ததைக் கொண்டுபோய்க் கொட்டினால் அகபா துறைமுகத்தையே தூர்த்துவிடலாம். கடைசியில் பார்த்தால் உள்ளே வெள்ளை நிறம். இத்தனை நாள் பழுப்பு வண்டி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். என் அண்ணன் மகள் ஹம்தா போன வருடம் பெரிய பாறையின் அடியில் ஆறு கண்ணாடிக் கூடாரங்கள் போட்டாள். படுத்தால் வானம் தெரியும், எழுந்தால் குளியல் தொட்டி தெரியும். கூடாரத்துக்குள் குளியல் தொட்டி! ஓர் ஒட்டகம் ஒரு மாதம் குடிக்கிற தண்ணீரில் ஒரு மனிதர் அரைமணி நேரம் மல்லாந்து கிடப்பார். பிறகு எழுந்து துடைத்துக்கொண்டு, பாலைவனம் மிக அழகு என்பார். நானும் ஆமாம் என்பேன். அது என் உத்தியோகம். 'அரசர்களின் பாலைவன உலா' என்று ஹம்தா பலகை எழுதி வைத்திருக்கிறாள். அந்த அரசர்களுக்குத் தேரோட்டி, வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளன், வானிலை அறிஞன், ஒட்டகங்களின் அந்தரங்கச் செயலாளன் எல்லாம் நான் ஒருவனே. ஸ்வைலிம், வயது ஐம்பத்திரண்டு, மனைவி இறந்து ஒன்பது வருடம்.

அந்தத் தொட்டிகளுக்கு மிஸ்னாவின் லாரியில்தான் தண்ணீர் வருகிறது.

சரி, பெயரை எழுதியாயிற்று. எழுதியதை அடிக்க மாட்டேன்.

மிஸ்னா, கிழக்குப் பள்ளத்தாக்கு அவ்வாத்தின் தங்கை. புருஷன் இறந்தபோது அவனுடைய தண்ணீர் லாரியை விற்றுவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடமாக இந்த வட்டாரத்துக் கூடாரங்களுக்கெல்லாம் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். மணல்மேட்டில் அவள் லாரி ஏறுவதை ஒருதரம் பார்த்துவிட்டு, என் வண்டி வெட்கத்தில் மூன்று நாள் கிளம்ப மறுத்தது.

குளிர்காலத்தில் அவ்வாத்திடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் தங்கையைக் கேட்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவ்வாத் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்றே நினைத்துவிட்டார். பெண் கேட்பதென்றால் பெரியவர்கள் நாலு பேரை முன்னால் நடத்திக்கொண்டு போகவேண்டும், அதுதான் முறை. போய்ப் பெரியவர்களைக் கேட்டேன். அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் முதுகில் தட்டி, நல்லா இருக்கு, இன்னொரு தடவை சொல்லு என்றார்.

ஒரு மனிதன் முப்பது வருடம் ஊரைச் சிரிக்கவைத்தால் இதுதான் கிடைக்கும்போல. ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் சொல்வதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?


ஏப்ரல் 9, புதன்

வந்தார்கள். அக்காவும் தம்பியும். அக்கா பெயர் ஹெடி, எழுபது தாண்டியவர், சுவிட்சர்லாந்தில் பெரிய இதய மருத்துவர். முப்பது வருடம் அடுத்தவர் நெஞ்சைத் திறந்து கையை உள்ளே விட்டவர். அந்தக் கையால்தான் என்னோடு கைகுலுக்கினார். என் கையை இரவு வரை வேறெதிலும் படாமல் தூக்கி வைத்திருந்தேன்.

தம்பி பெயர் உர்ஸ். சிமெண்ட் வியாபாரம். ஊரிலிருந்தே தலையணை கொண்டுவந்திருக்கிறார். பாறைகளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, இதெல்லாம் கீழே விழுமா?

வழக்கம்போல என் உரையை ஆரம்பித்தேன். அதோ அந்த உயரப் பாறையில்தான் சந்திரன் முதுகு சொறிந்துகொள்ளும் என்றேன். மற்ற விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஹெடி அம்மா சிரிக்கவில்லை. பாறையை நன்றாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்து முதுகு?" என்று கேட்டார்.

இடது பக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். குறித்துக்கொண்டார்.


ஏப்ரல் 10, வியாழன்

காலையில் தண்ணீர் லாரி வந்தது.

கழுவிய வண்டியின் மேல் சாய்ந்தபடி, பார்ப்பவர்கள் தற்செயல் என்று நினைக்கும் விதமாக நின்றேன். மிஸ்னா இறங்கிக் குழாயை இழுத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"யாரு வண்டி இது?"

"என்னுதுதான்."

"அப்படியா. பழைய வண்டிய யாருக்குக் குடுத்தீங்க?"

இந்த வண்டியைக் கழுவ நான் பட்ட பாட்டை விவரிக்கத் தொடங்கினேன். செங்கடல் பாதி வற்றிய இடம் வரை வந்திருப்பேன், அவள் குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க கொஞ்சம் வாய மூடினா நல்லது. தொட்டி நிரம்புற சத்தம் எனக்குக் கேக்கணும். காதுலதான் அளவு பாப்பேன்."

மூடினேன். கேட்டேன். முதலில் தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு அது தடித்துக்கொண்டே வந்தது. பிறகு அடங்கி, தொண்டைக்குள் பேசுவதுபோல ஆயிற்று. இன்னும் விளிம்புக்குக் கையகலம் இருக்கும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பியபடியே குழாயை அடைத்தாள். ஒரு சொட்டு வழியவில்லை.

இருபது வருடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் கேட்டேன்.


ஏப்ரல் 11, வெள்ளி

தொழுகை. மதியம் மண்ணுக்குள் புதைத்துச் சுட்ட ஆட்டுக்கறி. உர்ஸ், கறி எங்கே இருக்கிறது என்று கேட்டபோது அவர் நின்ற இடத்தைக் காட்டினேன். இரண்டடி துள்ளினார். நாளைக்கு விடியற்காலை அவர்கள் இருவரும் பலூனில் பறக்கப்போகிறார்கள். நான் கீழே வண்டியில் துரத்திக்கொண்டு போகவேண்டும்.


ஏப்ரல் 12, சனி

எங்கிருந்து தொடங்குவது?

உர்ஸ் கூடைக்குள் ஒரு கால் வைத்தார், மேலே எரிகிற நெருப்பைப் பார்த்தார், காலை எடுத்துவிட்டார். தலையணையைக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தவர் அசையவில்லை. ஹெடி அம்மா, "ஸ்வைலிம், இடம் காலியா இருக்கு, ஏறுங்க" என்றார். ஹம்தா என்னைப் பார்த்த பார்வையில் ஏறாதே என்று தெளிவாக இருந்தது. "சித்தப்பா, வண்டிய யாரு ஓட்டுறது?" என்றாள். நீதான் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

பறந்தது பற்றி எழுதப் பெரிய வாக்கியம் ஒன்று மனதில் வைத்திருந்தேன். கழுகுகள் என்னிடம் வழிகேட்டன என்று வரும். அதை எழுதப்போவதில்லை.

தரை நம்மை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அசைவே இல்லை. சத்தமும் இல்லை. நாம் மேலே போவதாகத் தெரியவில்லை. பாலைவனம்தான் மெல்லக் கீழே இறங்கிப்போகிறது. சின்ன வயதிலிருந்து நான் அண்ணாந்து பார்த்தே பழகிய பாறைகள், அவற்றின் தலைகளை இன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றின் உச்சியில் புல் இருந்தது. பச்சைப் புல்! யார் மேய்ப்பார்கள் அதை? யாருக்காக முளைத்தது? ஐம்பத்திரண்டு வருடமாக அந்தப் பாறையின் அடியில் குந்தித் தேநீர் குடித்திருக்கிறேன், எனக்கு மேலே ஒரு மேய்ச்சல் நிலம் இருந்ததை அறியவில்லை.

சூரியன் ஏறியது. மணல் முதலில் சாம்பலாக இருந்தது, பிறகு தோல் நிறம், பிறகு உள்ளேயிருந்து யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரே சிவப்பு. பாறைகளின் நிழல் அடிவானம் வரை நீண்டு கிடந்தது. பலூனின் நிழலும் ஒரு மணல்மேட்டில் மிதந்துபோனது. அதற்குள் எங்கோ நானும் ஒரு புள்ளியாக இருந்திருப்பேன்.

ஹெடி அம்மா கூடையின் விளிம்பைப் பிடித்தபடி அழுதார். கண்ணைத் துடைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் அதே கதிதான்.

அப்போதுதான் கோடுகளைப் பார்த்தேன்.

கீழே நின்று பார்த்தால் டயர்த் தடம் என்பது இரண்டு பள்ளம், அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தால் எழுத்து. இரட்டை டயர் பதிந்த அகலமான தடம், வட்டாரத்தில் ஒரே ஒரு லாரிக்குத்தான் அப்படி உண்டு. கிழக்கே கிணற்றடியில் தொடங்கி ஒரு கறுப்புக் கூடாரம், அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து ஆட்டுப்பட்டி, அப்புறம் பாறை இடுக்கில் தனியாக இருக்கும் கிழவர் வீடு. கூடாரங்களை மணிகளாக வைத்து ஒரே நூலில் கோத்ததுபோல இருந்தது. ஒரு பெண் தினமும் தன் லாரியால் இந்தப் பாலைவனம் முழுவதையும் சேர்த்துக் கட்டிவைக்கிறாள். அது கீழே இருக்கிற எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

இன்னொன்றும் பார்த்தேன். எழுதுவதற்குக் கை தயங்குகிறது.

ஹம்தாவின் கூடாரங்களிலிருந்து அவ்வாத்தின் இடத்துக்கு நேராக, சமதரையாக வழி இருக்கிறது. அந்தத் தடம் அந்த வழியில் போகவில்லை. நடுவில் விலகி, செம்பாறையைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி வழிக்கு வருகிறது. அது ஒரு நாள் தடம் அல்ல. பல நாள் போய்ப் பள்ளம் விழுந்த தடம். செம்பாறைக்குப் பின்னால் கூடாரம் கிடையாது, பட்டி கிடையாது. ஒரே ஒரு சிமெண்ட் வீடு. அந்த வீட்டுக்குக் கிராமத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது, லாரித் தண்ணீர் தேவையே இல்லை.

அது என் வீடு.

ஸ்வைலிம், பெரிதாக்காதே. மணல் அங்கே இறுகலாக இருக்கலாம். அவளுக்கு நிழல் தேவைப்பட்டிருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கலாம்.

இருக்கலாம்.


ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைய எழுத்து ஒட்டகம் மிதித்ததுபோல இருக்கும்.

உலாவின் நிகழ்ச்சிகளில் ஒன்று, கூடாரத்துக் குடும்பம் ஒன்றோடு காப்பி. ஹம்தா இந்தத் தடவை அவ்வாத்தைக் கேட்டிருந்தாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து போனோம். எப்போதும் போகும் வழியில் விருந்தாளிகளுக்கு நான் ஒரு பாடம் நடத்துவேன். வலது கையால் வாங்குங்கள், போதும் என்றால் காலிக் கிண்ணத்தை இப்படி ஆட்டிக் கொடுங்கள், என்ன ஆனாலும் காப்பியோடு கிண்ணத்தைத் தரையில் வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும், அது ஆகாமல் குடிக்க மாட்டேன் என்று அர்த்தம். வீட்டுக்காரர் தட்டவே முடியாது. கொலைப் பகை தீர்ப்பதும், பெண் கேட்பதும் எங்களிடம் அப்படித்தான் நடக்கிறது.

எத்தனையோ வருடமாக நடத்திய பாடம். இன்றைக்கு நடத்தவில்லை. வழி நெடுகத் தரையில் கிடந்த டயர்த் தடத்தையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

கூடாரத்தில் அவ்வாத்தும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் ஆறேழு பேரும் இருந்தார்கள். குளிர்காலத்தில் என் முதுகில் தட்டியவரும் இருந்தார். பெண்கள் பகுதியை மறைக்கும் நெய்த திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. லாரி வெளியே நின்றது. உர்ஸ் ஒட்டகக் குட்டியைப் படமெடுக்க வேண்டும் என்றதால் ஹம்தா அவரோடு வெளியே போனாள்.

அவ்வாத் ஏலக்காய் மணக்க முதல் கிண்ணத்தை ஹெடி அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்துப் புன்னகைத்து, மெல்ல, மிக மரியாதையாக, கம்பளத்தின் மேல் தன் முன்னால் வைத்தார்.

கூடாரமே மூச்சை நிறுத்தியது. திரைக்குப் பின்னால் பேச்சு நின்றது. வெளியே ஆடு நின்றது. காற்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது.

அவ்வாத் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்கு வாழ்க்கையில் எத்தனையோ பேர் கிண்ணம் வைத்திருப்பார்கள், ஆனால் மலைகளுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய மருத்துவர் வந்து வைத்தது இதுவே முதல் தடவை. மனிதர் முழுசாக ஒரு முழம் வளர்ந்துவிட்டார்.

"குடிங்கம்மா" என்றார். "என்ன கேட்டாலும் ஆச்சு. என் கையில இருக்கிற எதுவா இருந்தாலும் சரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹெடி அம்மாவும் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "எனக்குக் காப்பி ஆகாது ஸ்வைலிம். இதயம் தாளாது. அவர் மனசு நோகாம சொல்லிடுங்க" என்றார்.

அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இதை எனக்கு மட்டுமே எழுதுகிறேன், அதனால் உள்ளபடி எழுதுகிறேன். அந்த அம்மாவின் விருப்பம் என்று நான் எதைச் சொன்னாலும் அவ்வாத் கொடுத்தாக வேண்டும். ஏழு பேர் சாட்சி. உங்கள் தங்கையை இந்த ஸ்வைலிமுக்குக் கேட்கிறார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒரே வாக்கியம். நான் தினமும் அதைவிடப் பெரிய பொய்யைப் பல் துலக்கும்போது சொல்கிறவன். அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. பல்லின் பின்னால் நின்றது. அதன் ருசி கூடத் தெரிந்தது.

திரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே யாரோ காதால் அளவு பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணே" என்றேன். "இதயத்துல கோளாறு. காப்பி குடிக்கக் கூடாது. கிண்ணத்தக் கீழ வெச்சா என்ன அர்த்தம்னு நான் சொல்லித் தரல. தப்பு என்னுது."

முதுகு தட்டியவர் வெடித்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வாத்தும் சிரித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்கு மூலிகைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். வளர்ந்த ஒரு முழமும் இறங்கிவிட்டது. அடுத்த கிண்ணத்தை ஊற்றி எனக்கு நீட்டினார்.

வாங்கினேன். கீழே வைத்தேன்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. "உனக்குமா இதயக் கோளாறு?" என்றார் அவ்வாத்.

"ஆமாண்ணே."

சிரிப்பு நின்ற பிறகும் நான் கிண்ணத்தை எடுக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "விளையாடாத ஸ்வைலிம். இது விளையாடுற விஷயம் இல்ல."

"விளையாடல. உங்க தங்கச்சி மிஸ்னாவக் கேக்குறேன்."

"அதுக்குப் பெரியவங்களோட வரணும். தனியா வந்து உக்காந்து கேப்பியா?"

"கூப்பிட்டேன். சிரிச்சாங்க. இதோ இவரும் சிரிச்சாரு." முதுகு தட்டியவர் தாடியைத் தடவிக்கொண்டு கம்பளத்தைப் பார்த்தார். "எனக்கு வேற ஆள் இல்லண்ணே."

என் வாயிலிருந்து அலங்காரமே இல்லாமல் இத்தனை வாக்கியம் தொடர்ந்து வந்தது எனக்கே பயமாக இருந்தது. அவ்வாத் ஹெடி அம்மாவின் முன்னால் இருந்த கிண்ணத்தையும் என் முன்னால் இருந்த கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் முந்தி அந்தம்மா பேரச் சொல்லி நீ என்ன வேணா கேட்டிருக்கலாம். நான் வாக்குக் குடுத்துட்டேன். மாட்டேன்னு சொல்ல முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க. அவ குடுத்திருக்க மாட்டா."

அவ்வாத் குடி என்று சொல்லவில்லை. குடிக்காதே என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் திரையின் பக்கம் திருப்பி, "மிஸ்னா, கேட்டுச்சா?" என்றார்.

அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதற்குள் பாறைகள் இரண்டு தரம் தேய்ந்து மணலாகி மறுபடி பாறையாயின. ஹெடி அம்மாவுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது, ஆனால் என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். நாடி பார்த்திருப்பார். கண்டிப்பாகக் கவலைப்பட்டிருப்பார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உரக்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. என்னை வாயை மூடச் சொன்ன அதே குரல்தான்.

"அவரு காப்பி ஆறிப்போயிருக்கும்ணே. கொட்டிட்டு சூடா ஊத்திக் குடுங்க."


ஏப்ரல் 14, திங்கள்

ஹெடி அம்மாவையும் உர்ஸையும் அகபா விமான நிலையத்தில் விட்டேன். வழியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்க ஆச்சரியமாகக் கொஞ்ச நேரமே ஆனது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது மட்டும் சொன்னார்: "அடுத்த விருந்தாளிக்குப் பாடம் நடத்த மறந்துடாதீங்க. எல்லாருக்கும் இவ்வளவு நல்லா முடியாது."

உர்ஸ் தலையணையைக் கூடாரத்திலேயே விட்டுப் போய்விட்டார்.

ஹம்தா இன்னும் என்னோடு பேசவில்லை. ஒட்டகக் குட்டியைப் படமெடுக்கப் போன நேரத்தில் குடும்பச் சரித்திரம் நடந்துவிட்டது, தான் பார்க்கவில்லை என்று கோபம்.


ஏப்ரல் 25, வெள்ளி

முறை முறைதான் என்றார் அவ்வாத். ஆகவே இன்று பெரியவர்களோடு போனோம். இம்முறை யாரையும் நான் கூப்பிடவில்லை, அவர்களே வந்து என் வாசலில் நின்றார்கள். பதினைந்து வண்டி. சரி, ஏழு. முதுகு தட்டியவர்தான் தலைமை. எனக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: உள்ளே போய் வெளியே வரும்வரை நான் ஒரு சொல் பேசக் கூடாது.

பேசவில்லை. பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவ்வாத், "குடிங்க, நீங்க வந்த காரியம் ஆச்சு" என்றார். எல்லோரும் குடித்தார்கள்.

லாரியை விற்பதாக இல்லை என்று உள்ளேயிருந்து செய்தி வந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். பேசக் கூடாதே, அதனால் தலையை ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் தலைப்பாகை காப்பிப் பாத்திரத்தில் விழுந்தது.


மே 3, சனி

வெயில். விருந்தாளிகள் இல்லை. செம்பாறைப் பக்கம் லாரி சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். நிற்காமல் போனாள். கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே.


ஜூன் 19, வியாழன்

வெயில் இந்த நேரத்திலேயே பாறையை வெடிக்க வைக்கிறது. விருந்தாளிகள் செப்டம்பருக்குத்தான் வருவார்கள். எங்கள் வேலைக்கு விடுமுறை கிடையாது. காலையில் கிணற்றடியில் லாரியை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். தெற்கு மேட்டில் ஏறும்போது, பார்க்கவேண்டும் என்று சபதம் செய்திருந்தும், கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் உச்சியில் இருந்தோம், மிஸ்னா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். கீழே பாலைவனம் முழுவதும் கிடந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் வாயில் ஒரு பழத்தை வைத்தாள்.

கடைசிக் கூடாரம் புதிய குடும்பம், வடக்கேயிருந்து ஆடுகளோடு வந்தவர்கள். மிஸ்னா இறங்கிக் கணக்கு பேசப் போனாள். நான் குழாயை இழுத்துத் தொட்டியில் விட்டு, குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் ஆணி கொட்டுவது முடிந்து சத்தம் தடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டுப் பெண் என்னைக் காட்டி, யார் இவர் என்று கேட்டாள்.

"குழாய் பிடிக்கிறவரு" என்றாள் மிஸ்னா. "என் வீட்டுக்காரரு."

வேறொரு பட்டமும் நான் சேர்க்கவில்லை. விளிம்புக்குக் கையகலம் இருக்கும்போது அடைத்தேன். கொஞ்சம் வழிந்தது.